பெரிய வெள்ளியன்று கார் ஓட்டிய ரோசலின்

ரோசலின் அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தால், முதலில் என் கை கிளெமென்ட் சாரைத்தான் நாலு வார்த்தை திட்டி எழுதுகிறது. இரண்டு முறை கிழித்துப் போட்டேன். மூன்றாவது முறையும் அப்படியே வந்ததால், சரி, திட்டிக்கொண்டே எழுதித் தொலைப்போம் என்று விட்டுவிட்டேன். 'சார்' என்று எழுதுவது மூன்று வருஷப் பழக்கதோஷம். மரியாதை என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

திண்டுக்கல்லில் பழனி ரோட்டில் அவர் ஒரு டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். பெயரை எழுத மாட்டேன், எழுதினால் ஓசி விளம்பரம் ஆகிவிடும். அங்கே முன்மேசையில் உட்கார்ந்து ஃபாரம் நிரப்பி, ரசீது கிழித்து, வருகிற போனுக்கெல்லாம் பொய் சொல்லிக்கொண்டிருந்தது நான். என் பெயர் அறிவுச்செல்வி. பி.காம். முடித்தவள். அந்த மூன்று வருஷமும் உன் அறிவு எங்கே மேயப் போயிருந்தது என்று அம்மா இன்றைக்கும் கேட்கிறாள்.

அக்கா பிறந்தது நிலக்கோட்டைப் பக்கம் ஒரு சின்ன ஊரில். விடியுமுன் மல்லிகை பறித்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம். பத்தாவதில் கணக்கில் இரண்டு மார்க்கில் போயிற்று. மறுபடி எழுத விடாமல் கஸ்பார் என்ற லாரி டிரைவருக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். "பொம்பள கை வச்சா வண்டி படுத்துரும்" என்று சொல்லி, சும்மா நிற்கிற லாரியில்கூட அக்காவை ஏறவிடாத மகராசன் அவர். கல்யாணமான ஆறாவது வருஷம் திருப்பூருக்கு லோடு ஏற்றிப் போனவர் அங்கேயே இன்னொரு குடித்தனம் வைத்துக்கொண்டார். லாரி திரும்பி வந்தது. ஆள் வரவில்லை.

அக்கா அதற்காக மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கவில்லை. திண்டுக்கல் வந்து ஒரு கான்வென்ட் விடுதியில் சமையல் வேலைக்குச் சேர்ந்தாள். நூற்றிருபது பிள்ளைகளுக்கு மூன்று வேளையும் சோறு, வெஞ்சனம். பதினேழு வருஷம் அண்டாவைத் தூக்கி இறக்கியதில் வலது தோள்பட்டை தேய்ந்துபோயிற்று. கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது. தலை வார விடுதிப் பிள்ளை ஒருத்தி வர வேண்டும். இனிமேல் கனம் தூக்கினால் கை விளங்காமல் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்டா தூக்க முடியாத சமையல்காரியை எந்த விடுதி வைத்துக்கொள்ளும்?

அந்த நேரம் பார்த்துக் கான்வென்ட் காரை ஓட்டிக்கொண்டிருந்தவர் கண் தெரியவில்லை என்று நின்றுவிட்டார். கான்வென்ட்டின் தலைவி மதர் பிரிஸ்கில்லா அக்காவைக் கூப்பிட்டு நேரடியாகச் சொன்னார்: "ஜூன்ல பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள லைசென்ஸ் எடுத்துட்டு வா ரோசலின். டிரைவர் வேலை உனக்கு. இல்லாட்டி நான் வேற ஆளைப் பாக்கணும். அடுப்படிக்கும் வேற ஆளைப் பாக்கணும்." வேலை இருந்தால் அதோடு விடுதியில் இருக்கிற அந்த ஒற்றை அறையும் இருக்கும். இல்லாவிட்டால் இரண்டும் போகும். நாற்பத்தொரு வயதில், தூக்க முடியாத ஒரு கையோடு, அக்கா வேறு எங்கே போவாள்?

தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதன் கழிந்து இரண்டு வாரம் இருக்கும். அக்கா சீட்டு எடுத்த காசு ஒன்பதாயிரத்தைக் கைக்குட்டையில் சுருட்டி எடுத்துக்கொண்டு எங்கள் பள்ளிக்கு வந்தாள். "ஏம்மா ரோசலின், நம்ம கோயில் ஆளு, உனக்குச் செய்யாம யாருக்குச் செய்யப் போறேன்?" என்று கிளெமென்ட் சார் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். இரண்டு பேரும் ஒரே பங்கு, ஒரே சர்ச்சுக்குப் போகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் அவர் முதல் வரிசையில் நிற்பார், அக்கா கடைசியில் தூண் ஓரமாக நிற்பாள்.

எங்கள் பள்ளியில் ஒரு நடைமுறை இருந்தது. ஒவ்வொரு நாள் கிளாஸ் முடிந்ததும் படிக்கிறவர்கள் ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட வேண்டும். ஆனால் கிளெமென்ட் சார் சேருகிற அன்றைக்கே முப்பது நாளுக்கும் சேர்த்து வாங்கிவிடுவார். "தெனம் ஆபீசுக்கு அலைய வேணாம்மா, கார் உன் வாசலுக்கே வரும். இப்பவே போட்டுட்டா வேலை முடிஞ்சது." கேட்பதற்கு எவ்வளவு அக்கறையாக இருக்கிறது! ஞாயிற்றுக்கிழமையை மட்டும் விட்டுவிட்டு மடமடவென்று தேதி போடுவது என் வேலை. மார்ச் இருபத்து நாலில் தொடங்கி ஏப்ரல் இருபத்தாறு வரை போட்டேன். மதியம் மூன்று மணி முதல் மூன்றரை வரை. மத்தியானப் பாத்திரம் கழுவி முடித்து, நாலு மணி டீக்கு அடுப்புப் பற்ற வைக்கும்வரை அக்காவுக்குக் கிடைக்கிற நேரம் அதுதான்.

அக்கா ஒவ்வொரு கையெழுத்தையும் முழுசாகப் போட்டாள். முப்பது முறை 'கா. ரோசலின்'. இருபதாவதில் கை வலித்து உதறிக்கொண்டாள். "செத்த இரு கண்ணு" என்று சொல்லிவிட்டு மறுபடி போட்டாள். நான் பேனாவை நீட்டியபடி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் என்னையே நாலு அறை அறையத் தோன்றுகிறது.

கற்றுக்கொடுக்க வந்தவன் ஸ்டான்லி. கெட்டவன் இல்லை, வடிகட்டின சோம்பேறி. பயிற்சிக் காரில் பக்கத்துச் சீட்டிலும் கிளட்சும் பிரேக்கும் இருக்கும். "நீங்க ஸ்டேரிங்கை மட்டும் பாருங்கக்கா, கீழ உள்ளதை நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு அவனே மிதித்துக்கொண்டு போனான். அக்காவுக்கு அது தெரியாது. பேகம்பூர்வரை நானே ஓட்டிப் போனேன் என்று விடுதிப் பிள்ளைகளிடம் சொல்லி, அதுகள் கை தட்டியிருக்கின்றன. பதினோராம் நாள் நாகல் நகர் மேம்பாலத்து ஏற்றத்தில் ஸ்டான்லியின் போன் காலடியில் விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தவன் காலை எடுத்துவிட்டான். அவ்வளவுதான், கார் நின்று, பின்னால் உருள ஆரம்பித்தது. பின்னால் வந்த மினிபஸ்காரன் அடித்துப் பிடித்து பிரேக் போட்டு, அக்காவின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினான்.

அக்கா திட்டுக்குக் கலங்கவில்லை. திரும்பி ஸ்டான்லியைத்தான் பார்த்தாளாம். "தம்பி, பதினோரு நாளா இந்தக் காரை ஓட்டுனது நானா, நீயா?"

அவன் போனைத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

மறுநாளிலிருந்து காரே வரவில்லை. அப்போது பங்குனி உத்திரம் நெருங்கிக்கொண்டிருந்தது. பழனிக்குப் போகிற கூட்டம் டாக்சி கிடைக்காமல் தவிக்கிற சமயம். கிளெமென்ட் சார் காரில் இருந்த சிவப்பு 'எல்' போர்டைக் கழற்றி டிக்கியில் போட்டுவிட்டு, பழனி ட்ரிப்புக்கு விட்டுவிட்டார். உத்திரம் முடிந்தால் கல்யாண சீசன். தினமும் இரண்டே முக்காலுக்கு அக்கா போன் பண்ணுவாள். தினமும் நான், "கார் சர்வீஸ்ல இருக்குக்கா, நாளைக்கு வந்துரும்" என்பேன். ஒருநாள் அக்கா கேட்டாள்: "அம்புட்டு நாளா ஒரு காரைச் சர்வீஸ் பண்றாங்க, ஆஸ்பத்திரில சேத்திருக்காங்களா என்ன?" சிரிப்பு வந்தது எனக்கு. சிரித்துக்கொண்டே மறுபடி பொய் சொன்னேன்.

ஏப்ரல் இருபத்தெட்டு, திங்கட்கிழமை. அக்கா நேரில் வந்தாள். முழுக்கைச் சட்டையின் பொத்தானைப் போட்டுக்கொண்டே கிளெமென்ட் சார் உள்ளிருந்து வெளியே வந்தார்.

"சார், எனக்குப் பதினோரு கிளாஸ்தான் நடந்திருக்கு. மிச்சக் காசைக் குடுத்துருங்க. பேகம்பூர்ல பாரூக் பாய் ஸ்கூல்ல இருபது நாள்ல சொல்லித் தாரேன்னு சொல்லிருக்காக. காசு கட்டுனாத்தான் சேத்துக்குவாக. ஜூனுக்குள்ள லைசென்ஸ் எடுக்கலைன்னா எனக்கு வேலை இல்ல சார்."

"ரீஃபண்டா?" ஏதோ கெட்ட வார்த்தையைக் கேட்டதுபோல அவர் முகம் சுளித்தார். "நம்ம ஸ்கூல்ல அப்படி ஒரு சமாச்சாரமே கெடையாதும்மா. அறிவு, அந்த ரெஜிஸ்டரை எடு."

எடுத்துக்கொடுத்தேன். பக்கத்தைத் திறந்து அக்காவின் மூக்குக்கு நேரே நீட்டினார். "முப்பது கையெழுத்து. உன் கையெழுத்துதானே? முப்பது கிளாஸும் முடிஞ்சுபோச்சு. அப்புறம் எதுக்குக் காசு?"

"மொத நாளே போடச் சொன்னது நீங்கதானே சார்."

"நான் சொன்னேன்னு எங்க எழுதியிருக்கு? கையெழுத்து எங்க இருக்குன்னு நான் காட்டறேன்ல, நீயும் காட்டு." ரெஜிஸ்டரைப் பட்டென்று மூடினார். "உனக்கு மண்டையில ஏறலைன்னா அதுக்கு நான் என்ன பண்றது? கரண்டி புடிக்கிற கைக்கு ஸ்டேரிங் கேக்குதாக்கும்."

கரண்டி பிடித்த கை சமைத்த சோற்றைக் கான்வென்ட் விழாவுக்கு விழா வந்து மூன்று தட்டுச் சாப்பிட்ட மனுஷன் இவர். எனக்கு வாய்வரை வந்தது. அந்த வேலையை விட்டால் வேறு வேலை இல்லை என்ற பயத்தில் விழுங்கிவிட்டேன். அக்கா படியிறங்கிப் போனாள். கல்லில் நார் உரிக்க வந்த முட்டாள் என்று அவளைப் பற்றி ஸ்டான்லியிடம் சொல்லிச் சிரித்தார் கிளெமென்ட் சார்.

புதன்கிழமை அக்கா மறுபடி வந்தாள். இந்த முறை உட்காரச் சொல்லாமலே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சார், அந்த ரெஜிஸ்டரை நான் நல்லாப் பாக்கலை. இன்னொரு தடவை காட்டுங்க."

"நல்லாக் காட்டு அறிவு. பாத்துட்டாவது புத்தி வரட்டும்" என்று சொல்லிவிட்டு அவர் போனை நோண்ட ஆரம்பித்தார்.

பக்கத்தைத் திறந்து வைத்தேன். அக்கா ஆள்காட்டி விரலைத் தேதிகளின் மேல் வைத்து, அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி ஒவ்வொன்றாக இறங்கி வந்தாள். மார்ச் தாண்டியது. ஏப்ரல் பதினாறு, பதினேழு, பதினெட்டு. விரல் நின்றது.

"அறிவு, ஏப்ரல் பதினெட்டு என்ன கெழம?"

"வெள்ளிக்கா" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அய்யய்யோ என்று வாயில் கையை வைத்துக்கொண்டேன். அது பெரிய வெள்ளி. நான் கிறிஸ்தவள் இல்லை, தேதி போடும்போது காலண்டரைப் பார்க்கவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமையை மட்டும் விட்டுவிட்டுப் போட்டுக்கொண்டே போயிருந்தேன். அக்காவும் கை வலியில் தேதியைப் பார்க்காமல் கையெழுத்தைப் போட்டிருந்தாள்.

அக்கா எழுந்தாள். பதினேழு வருஷமாக நூற்றிருபது பிள்ளைகளைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்ட குரல் அது. பழனி ரோட்டின் மறுபக்கம்வரை கேட்டது.

"ஏன் சார், பெரிய வெள்ளிக்கெழம மதியானம் மூணு மணிக்கு நான் உங்க கார்ல ஏறி ஊர் சுத்துனேனா? ஆண்டவர் உசுரை விட்ட நேரத்துல? பச்சத் தண்ணி பல்லுல படாம கோயில்ல முட்டி போட்டுக் கெடந்தேன் நான். எனக்கு முன்னாடி தோள்ல சிலுவையைத் தூக்கிக்கிட்டுப் போனது யாரு? நீங்கதானே? வருசா வருசம் வேற யாருக்கும் விடாம நீங்கதானே தூக்குவீங்க? அப்ப எனக்கு இங்க கிளாஸ் எடுத்தது யாரு, உங்க ஆவியா?"

படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில் என்பார்கள். நான் அதைக் கிளெமென்ட் சார் முகத்தில் அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். போனைக் கீழே வைத்தார். "ஏய், மெதுவாப் பேசு. ரோட்டுல ஆளு போறாக."

"மெதுவாப் பேசித்தானே ஒரு மாசம் போச்சு!"

டீக்கடையில் நின்ற நாலைந்து பேர் டம்ளரோடு வாசலுக்கு வந்துவிட்டார்கள். அதில் இரண்டு பேர் அவர்கள் பங்குக்காரர்கள். கிளெமென்ட் சார் அவர்களைப் பார்த்தார். அடுத்த மாசம் பங்குப் பேரவைத் துணைத் தலைவர் பதவிக்கு அவர் நிற்பதாக இருந்தது. உடனே என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார்.

"இந்தப் பொண்ணு தேதியைத் தப்பாப் போட்டுருச்சுப்பா. மத்தது எல்லாம் கரெக்ட்டுதான். சொன்னாக் கேக்கறதில்ல, இதுகளை வச்சுக்கிட்டு வேல வாங்கறதே பெரும்பாடு. அறிவு, அந்தப் பக்கத்தைக் கிழி."

எனக்கு உள்ளங்காலிலிருந்து உச்சிவரை எரிந்தது. மூன்று வருஷம் இந்த ஆளுக்காக வாய் கூசாமல் பொய் சொன்னவள் நான். கடைசியில் பழியும் எனக்கா?

"தேதி போட்டது நான்தான்" என்றேன். "மொத நாளே முப்பதையும் போடச் சொன்னது நீங்க. ரோசலின் அக்காவுக்கு மட்டும் இல்ல, இந்த ரெஜிஸ்டர்ல இருக்கிற அத்தனை பேருக்கும். கார் சர்வீஸ்ல இல்ல, பழனி ட்ரிப்புல இருந்துச்சு. கிழிக்க மாட்டேன்."

"நீ யாருகிட்டச் சம்பளம் வாங்குற?"

"இனிமே உங்ககிட்ட இல்ல."

எப்படி அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் ரெஜிஸ்டரைப் பிடுங்க வந்தார். நான் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். "பொம்பளப் புள்ள மேல கை வைக்காதீங்க சார்" என்று டீக்கடைக் கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. அவர் கை பின்னால் போயிற்று.

அக்கா குரலை இறக்கினாள். கத்தியபோது இருந்ததைவிட அது பயமாக இருந்தது. "சார், வர்ற ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் இந்த நோட்டைப் பங்குச் சாமியார் கையில குடுக்கப் போறேன். பெரிய வெள்ளி மூணு மணிக்குச் சிலுவை தூக்குனது யாரு, டிரைவிங் கிளாஸ் எடுத்தது யாருன்னு அவரே சபைக்கு முன்னால சொல்லட்டும். நான் சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க."

அதற்குப் பிறகு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. உள்ளே போனார், வந்தார். நோட்டுகளை மேசைமேல் விட்டெறிந்தார். இரண்டு தரையில் விழுந்தன. "எடுத்துட்டுப் போய்த் தொலை. மொத்தப் பணமும் இருக்கு. பிச்சைன்னு நெனச்சுக்கறேன்."

அக்கா குனியவில்லை. "பொறுக்கி எடுத்துக் கையில குடுங்க சார்."

அத்தனை பேர் பார்க்க, சிலுவை தூக்குகிற கிளெமென்ட் சார் குனிந்து பொறுக்கினார். அக்கா வாங்கிக்கொண்டு, பதினோரு நாளுக்கு உண்டானதை எடுத்து மேசைமேல் வைத்தாள். "பதினோரு நாள் உங்க கார்ல உக்காந்து ஊரைப் பாத்தேன். அதுக்கு இதை எடுத்துக்கங்க. எனக்குப் பிச்சை வேணாம்."

நானும் ரெஜிஸ்டரை மேசைமேல் வைத்துவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் படியிறங்கினேன். மதியச் சாப்பாட்டு டப்பா உள்ளேயே கிடந்தது. அது போனால் போகிறது.

மே மாசம் முழுக்க அக்கா முகமது பாரூக் பாயிடம் படித்தாள். விடுதிப் பிள்ளைகள் லீவுக்குப் போயிருந்ததால் காலையும் மாலையும் நேரம் கிடைத்தது. பாய் பயங்கரமான ஆள். காரைக் காலி மைதானத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, இரண்டு காலையும் மடக்கிச் சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வாராம். "ஏம்மா, என் காலு இங்க இருக்கு. இனி செத்தாலும் பொழச்சாலும் உன் காலுதான்." முதல் வாரம் முழுக்க அவர் திட்டாத திட்டு இல்லை. அக்காவும் பதிலுக்குப் பேசுவாள். இரண்டு பேரும் கத்திக்கொண்டே ரிவர்ஸ் எடுப்பதை ஆடு மேய்க்கிறவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்களாம். மே கடைசியில் டெஸ்ட். முதல் தடவையிலேயே பாஸ்.

அன்றைக்கு அக்கா எனக்குப் போன் பண்ணி ஒரு வார்த்தைகூடப் பேசாமல் அழுதாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

கிளெமென்ட் சார் சும்மா இருப்பாரா? அக்காவுக்கு லைசென்ஸ் வருவதற்கு முன்பே அவர் கான்வென்ட்டுக்குப் போய்விட்டார். அந்த ரோசலின் நடுரோட்டில் நின்று பஜாரிபோல் கத்தினாள், பெரிய வெள்ளியையே இழுத்து அசிங்கப்படுத்தினாள், இப்படிப்பட்டவளை நம்பிச் சிஸ்டர்களைக் காரில் ஏற்றலாமா என்று மதரிடம் வத்தி வைத்தார். கையோடு தன் அக்கா மகன் ஸ்டீபன்ராஜுக்கு லைசென்ஸ் இருக்கிறது, நல்ல பையன், கூப்பிட்டால் நாளைக்கே வருவான் என்றும் சொல்லிவிட்டு வந்தார்.

லைசென்ஸோடு போய் நின்ற அக்காவை மதர் உட்காரச் சொல்லவில்லை.

"ரோட்டுல சண்டை போட்டியாமே?"

"ஆமா மதர்."

"எதுக்குன்னு நான் கேக்கலை. கான்வென்ட் காரை ஓட்டறவ ரோட்டுல சண்டை போடக் கூடாது. ஒரு மாசம் பாக்கறேன். இன்னொரு தடவை இப்படி ஒரு பேச்சு என் காதுக்கு வந்துச்சுன்னா சாவி என் மேசைக்கு வந்துரணும். ஸ்டீபன்ராஜ் தயாரா இருக்கான்."

எதற்கு என்று கேட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? மதர் மேலும் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. அக்கா வாயை மூடிக்கொண்டு சாவியை வாங்கினாள். பள்ளிக்கூடம் திறந்தது. காலையில் சிஸ்டர்களைப் பள்ளிக்கு, மதியம் மார்க்கெட்டுக்கு, காய்ச்சல் வந்த பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு. ஆட்டோக்காரன் குறுக்கே விழுந்தால்கூட ஹார்ன் அடிப்பதில்லை. எத்தனையோ பேர் "ஏம்மா, வீட்டுல சோறாக்குற வேல இல்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அக்கா கண்ணாடியை ஏற்றிக்கொள்வாள். நாள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

எனக்கு எதிர்ச்சாரியில் இருக்கிற ஜெராக்ஸ் கடையில் வேலை கிடைத்திருந்தது. நேர் எதிரே கிளெமென்ட் சாரின் பள்ளி. தினமும் அந்த மூஞ்சியில் முழிக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு குறை இல்லை. ஜூன் கடைசி வாரம், ஒரு சாயங்காலம், பள்ளியின் வாசல் சுவரில் இரண்டு பேர் ஏணி போட்டு ஒரு ஃபிளெக்ஸ் கட்டினார்கள். கட்டி முடித்து ஏணியை எடுத்ததும் நான் கடை வாசலுக்கு ஓடி வந்தேன்.

ஃபிளெக்ஸ் முழுக்க ரோசலின் அக்காவின் முகம். சேரும்போது விண்ணப்பத்தில் ஒட்ட நான் வாங்கி வைத்த பாஸ்போர்ட் போட்டோ. 'பெண்களும் சாதிக்கலாம்! எங்கள் பள்ளியில் பயின்று முதல் முயற்சியிலேயே லைசென்ஸ் பெற்று, இன்று ஓட்டுநராகப் பணிபுரியும் திருமதி ரோசலின்! மகளிருக்குச் சிறப்புச் சலுகை!' கீழே ஓரமாகக் கிளெமென்ட் சார் கும்பிட்டபடி நிற்கிறார்.

எங்கள் ஊரில் அக்கா மாதிரி ஆளுக்கு ஃபிளெக்ஸில் முகம் வர வேண்டுமென்றால் செத்துப்போக வேண்டும், கண்ணீர் அஞ்சலி என்று போடுவார்கள். உயிரோடு இருக்கும்போதே போட்டுவிட்டான் இந்தப் பாவி. காசையும் தின்னப் பார்த்து, வேலையையும் கெடுக்கப் பார்த்து, இப்போது அவள் ஜெயித்ததையும் தன் கணக்கில் எழுதிக்கொள்கிறான். உடனே போன் பண்ணினேன்.

"அக்கா, நான் ராத்திரி போய்க் கிழிச்சுப் போட்டுரவா?"

"வேணாம் கண்ணு. ஒரு மாசம் முடிய இன்னும் நாலு நாள் இருக்கு. நான் பாக்காத மாதிரியே போயிர்றேன்."

"உங்களுக்கு ரோசமே இல்லையாக்கா?"

"இருக்கு. ரூமும் வேணும்ல" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அப்படிக் கேட்டதற்காக அன்றைக்கு முழுக்க என் மனசு அடித்துக்கொண்டது.

மறுநாள் காலை பத்தரை மணிக்குக் கான்வென்ட் கார் எங்கள் கடை வாசலில் வந்து நின்றது. விடுதிச் சேர்க்கை ஃபாரம் நூறு காப்பி எடுக்க வேண்டுமாம். பின்சீட்டில் மதர் உட்கார்ந்திருந்தார். அக்கா காகிதத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, எதிர்ப்பக்கம் தலையைத் திருப்பாமல் காருக்குப் போய் உட்கார்ந்தாள். நான் காப்பி எடுத்து வந்து ஜன்னலில் நீட்டியபோது மதர் என்னைப் பார்க்கவில்லை. ரோட்டைத் தாண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரோசலின், அது நீதானே?"

"ஆமா மதர்."

"அங்கேயா படிச்சே?"

"பதினோரு நாள் மதர். மிச்சம் பாரூக் பாய்கிட்ட." அக்கா ஸ்டேரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். முப்பது கையெழுத்து, பழனி ட்ரிப், பெரிய வெள்ளி, தரையில் விழுந்த நோட்டு. ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. நான் காகிதக் கட்டோடு அப்படியே நின்றேன்.

"அப்ப அந்த ஃபிளெக்ஸ்ல போட்டிருக்கறது பொய்."

"பொய்தான் மதர்."

"எதுக்குச் சண்டைன்னு நான் அன்னைக்கே கேட்டிருக்கணும்." மதர் என் பக்கம் திரும்பினார். "கடையில தடியா எழுதற மார்க்கர் இருக்கா?"

ஓடிப்போய் எடுத்து வந்தேன். மதர் அதை வாங்கி முன்சீட்டுக்கு நீட்டினார்.

"போய்த் திருத்திட்டு வா. நான் உக்காந்திருக்கேன்."

அக்கா ரோட்டைக் கடந்தாள். கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாததால் ஃபிளெக்ஸின் அடிப்பாகத்தில், கும்பிட்டு நிற்கிற கிளெமென்ட் சாரின் வேட்டிமேலேயே பெரிய பெரிய எழுத்தில் எழுத ஆரம்பித்தாள்: 'இங்கே எனக்கு நடந்தது 11 கிளாஸ்தான். மிச்சக் காசைச் சண்டை போட்டுத் திருப்பி வாங்கி வேற இடத்துல படிச்சேன். காசு கட்டி ஏமாந்தவங்க நீங்களும் வந்து கேளுங்க. ரோசலின்.' டீக்கடைக் கூட்டம் மறுபடி டம்ளரோடு வந்துவிட்டது. ஒருவர் எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தார்.

கிளெமென்ட் சார் வெளியே ஓடி வந்தார். ஃபிளெக்ஸைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், எதிரே நிற்கிற காரைப் பார்த்தார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. ரோட்டின் இந்தப் பக்கம் கேட்கும்படி கத்தினார்: "மதர்! நீங்களே வந்துட்டீங்களா! பாருங்க மதர், இவ பண்ற அழிச்சாட்டியத்தை உங்க கண்ணாலயே பாருங்க!"

மதர் ரோட்டுப் பக்கக் கண்ணாடியை இறக்கினார்.

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன் கிளெமென்ட்" என்றார். பிறகு குரலை உயர்த்தி, "ரோசலின், வேற இடம்னு மொட்டையாப் போட்டிருக்கியே. அந்தப் பாய் பேரையும் எழுது" என்றார்.

அக்கா மார்க்கரின் மூடியை மறுபடி கழற்றினாள்.